சிவப்புப் பெயின்ட்

டைல்ஸ் பதிக்கிறவருக்குத் தன் பின் சீட்டு வைத்த பிக்கப் வண்டியின் மேல் ஒரே குறைதான்: உயரம். மூட்டு ஆபரேஷன் முடிந்த மாமியாரை ஒன்றுவிட்டு ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏற்றினால், "மூட்டையாட்டம் ஏத்துறீங்களே மாப்பிள்ளை" என்று அந்த அம்மாள் தெருவைப் பார்த்துக் கூசுவார். சரி, குட்டை ஸ்பிரிங் மாட்டி வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்திவிடலாம் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார்.

"தெரிஞ்ச கடை இருக்கு மாமா. என் காருக்கும் அங்கதான் போட்டேன்" என்று மச்சினன் கையோடு கூட்டிப்போனான்.

கடைக்காரர் மூன்று இஞ்ச் தாழ்த்தும் ஸ்பிரிங்கை எடுத்துவைத்தார். "இதைப் போட்டா வண்டி சும்மா தரையோட தவழும் சார்."

"தவழ வேண்டாங்க. தினம் அரை டன் டைல்ஸ் ஏத்துறேன். பள்ளத்துல விழுந்தா டயர் உரசுமே?"

"லோடு வண்டிக்கு எதுக்கு சார் இந்த ஆசை?"

மச்சினன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணரை இஞ்ச் போதும். இருக்கா, இல்லையா?"

உள்ளே போன கடைக்காரர் சிவப்பாகப் பளபளக்கும் ஒரு ஜோடியோடு வந்தார். மயிரிழை ஏற்ற இறக்கத்தையும் விரல் நுனியில் கண்டுபிடிக்கிற தொழில் டைல்ஸ்காரருடையது. ஸ்பிரிங்கின் முனையைத் தடவினார். பட்டையாகச் சாய்ந்து முடிய வேண்டிய கம்பி மொட்டையாக நின்றது. சாவியால் சுரண்டினார். பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. அடியில் துரு, முனையில் வெட்டிய சூட்டில் நீலம் பாய்ந்த இரும்பு. எந்த நொறுங்கிய வண்டியிலிருந்தோ கழற்றி, ஒரு சுற்றை அறுத்துவிட்டு, புதுசு என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அழுகிய பழத்தில் விரல் புதைந்ததுபோல் அவருக்கு உடம்பு கூசியது.

"வெட்டின ஸ்பிரிங்கா?"

"எல்லாரும் இதைத்தான் ஓட்டுறாங்க சார். ஒருத்தரும் வந்து கேட்டதில்ல."

"வந்து கேக்க உயிரோட இருக்கணுமே." மச்சினன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும் மாமா. பாக்க கெத்தா இருக்கில்ல?"

"அதுலதானே உன் பிள்ளைங்கள ஸ்கூல்ல விடுற?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே!"

டைல்ஸ்காரர் வெளியே போய், மச்சினன் வண்டிக்கடியில் மல்லாந்து, போன் வெளிச்சத்தில் பார்த்தார். இடப்பக்க ஸ்பிரிங்கில் விரிசல் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. அவனையும் குனியவைத்துக் காட்டினார்.

"அட, ஆமா" என்றான் அவன். "மாத்திக் குடுப்பாரு மாமா. இந்தத் தடவை நீலக் கலர்ல கேக்கலாமா?"

அவர் எழுந்து, அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "வேற மெக்கானிக் வந்து கட்டி இழுத்துட்டுப் போகட்டும். நீ நட."

"நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்துறீங்க."

"அசிங்கத்தைத்தான்டா நீ ஓட்டிட்டிருக்க!"

அடுத்த வாரம், அவருடைய வண்டிக்கென்றே செய்த, தாங்கும் எடை பெட்டியிலேயே அச்சிட்ட ஸ்பிரிங்கை வேறிடத்தில் வாங்கி மாட்டினார். மாமியார் கைப்பிடியைப் பிடித்துத் தானாகவே ஏறி உட்கார்ந்தார்.

"என் பையன் உங்க மேல கோவமா இருக்கானே, என்ன நடந்துச்சு?"

மறைக்காமல் சொன்னார்.

"என்னையும் அதுலதான் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனான்" என்றார் அந்த அம்மாள். முகம் சுளித்துக் கிடந்தது. "பின் சீட்டு காலியாத்தானே இருக்கு? நாளையிலேருந்து அவன் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு இதுலயே கொண்டு விடுங்க மாப்பிள்ளை."