மூலை சேராத பந்தல்

என் வீட்டுக்காரர் காளிச்சாமி வாசலில் பந்தல் போடுகிறார். போடுகிறார், போடுகிறார், இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார். எங்கள் ஊரான கணபதியில் இந்நேரம் ஒரு மாடி வீடே எழும்பியிருக்கும்.

சர்க்கரை வியாதியில் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகச் சக்கர நாற்காலியில் முன்னறையே கதி என்று கிடக்கிறேன். காற்றாட வெளியே உட்கார ஒரு நிழல் வேண்டும் என்று கேட்டேன். மறுநாளே வால்பாறைச் சில்வர் ஓக் கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு எனக்கு மனசு குளிர்ந்துதான் போனது.

நாலு கால், மேலே ஒரு சட்டம். சட்டத்தின் மூலைகளில் கட்டைகளைச் சாய்வாக அறுத்து, வாயோடு வாய் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இவர் பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர் ஆயிற்றே. இரும்பில் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடுகளை எடுத்துவந்து மர மூலையில் நுழைத்துப் பார்க்கிறார். தகடு நுழைந்தால் முகம் சுண்டிவிடும். கழற்றுவார், சீவுவார், மறுபடி சேர்ப்பார். காலையில் ஒட்டி நின்ற மூலை மத்தியான வெயிலில் வாயைத் திறக்கும். திரும்பவும் கழற்றுவார். சீவச் சீவச் சட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. இப்படியே போனால் கோழிக்கூடுதான் மிஞ்சும் என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சாப்பாடு வேளாவேளைக்கு வந்துவிடும், குறை சொல்ல முடியாது. தட்டை என் மடியில் வைத்து, சுவரைப் பார்த்தபடியே உப்பு சரியா என்று கேட்டுவிட்டு வெளியே போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். இப்போது பகலெல்லாம் ரம்பச் சத்தம்தான் எனக்குத் துணை. ஆள் இருந்தும் தனியாகக் கிடப்பது இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக்கூடாது.

நேற்று, மரவேலை செய்யும் உமர் பாரூக் இந்தப் பக்கம் வந்தார். வெயிலில் நிற்கிற மரம் விரியவும் செய்யும் சுருங்கவும் செய்யும், மரத்தூளையும் பசையையும் குழைத்து இடைவெளியை அடைத்தால் போதும் என்றார். தானே அரைநாளில் முடித்துத் தருவதாகவும் சொன்னார். இவர் அவர்மேல் எரிந்து விழுந்தார். யாரையும் கடிந்து பேசாத மனுஷன். பாவம், பாரூக் பாய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

இன்று மதியம் தட்டோடு வந்தவரை நான் போக விடவில்லை. சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, மூலையில சந்து இருந்தா நெழல் விழாதுங்களா?"

தட்டை என் மடியில் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பந்தல முடிச்சுப்போட்டா உள்ள வரோணுமல்லோ புள்ள. உன்னைய இப்படிப் பாக்க என்னால ஆகலை."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது.

"உங்களுக்கு ஆகலீன்னா வெளிய போயிக்கறீங்க. நான் எங்கீங்க போறது?"

சட்டைக் கையை விட்டுவிட்டேன், போகிறவர் போகட்டும் என்று. அவர் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, கால் இல்லாத பக்கம் தொங்கிய சேலையை முதல்முறையாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். தேற்றலாம்தான். கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை நாள் நான் தனியாகத்தானே அழுதேன்.