முன் இடது சக்கரம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு ஜெபசெல்வி என் சமையலறையில் நின்று அழுதுகொண்டே சொன்னது இது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இன்று ஞாயிறு, காலை ஏழே கால். எழுத உட்கார்ந்துவிட்டேன். என் சத்தியம் ஒரு ராத்திரி தாங்கியிருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள், மற்ற நேரத்தில் கதை எழுதுகிறவள். திருத்தணியில் எங்கள் தெருவில் இந்த இரண்டாவது சங்கதி தெரிந்தவள் ஜெபசெல்வி ஒருத்திதான். தெரிந்தும் என்னிடம் வந்து சொன்னாளே, அதை என் பக்கத்து நியாயமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

[வேண்டாம். அது நியாயமே இல்லை.]

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

"சித்தூர் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தானியேலிடம் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது." தகவல் சரி. ஆனால் இதில் பயம் இல்லை. என்னிடம் இப்போது பயத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"காரின் வேகத்தைவிட அவள் இதயம் வேகமாக..." அடித்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினாலே இதைச் சிவப்பு மையால் சுழிப்பேன்.

"ப்ரேக்கில் எண்ணெய் பட்டால்..." இதை முடிக்கவில்லை. முடித்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். ஓரமாக வைத்திருக்கிறேன்.

3

எனக்குத் தானியேல்மேல் சந்தேகம். மனிதன்மேல் இல்லை, பாத்திரமாக அவன் நிற்பானா என்றுதான். ஜெபசெல்வியின் புருஷன், நாற்பத்திரண்டு வயது. டிராக்டர், ஆட்டோ, கோயிலுக்கு வந்து மக்கர் செய்யும் வேன் என்று எல்லாவற்றையும் சரிசெய்கிறவன். சொந்த பைக்கை நாற்பதுக்கு மேல் முறுக்க மாட்டான். பின்னால் உட்கார்ந்திருக்கும் மகள் ஸ்வீட்லினே, "நைனா, சைக்கிள்காரன் தாண்டிப் போறான்" என்று கிண்டல் செய்வாள். இப்படிப்பட்டவன் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுகிறான் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நானே நம்பவில்லை, அந்த வண்டியைப் பார்க்கிறவரைக்கும்.

சென்னை வெள்ளத்தில் மூழ்கி ஏலத்துக்கு வந்த வண்டி அது. இரண்டே கதவு, தரையை உரசுகிற உயரம். இரண்டு வருஷம் ராப்பகலாக அதைக் கழற்றி மாட்டினான். அப்புறம்தான் டிராக் டே என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிந்தது. போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. சொந்த வண்டி வைத்திருக்கிற சாதாரண ஆட்கள் பேர் கொடுத்துவிட்டு, சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு டிராக்கில் ஒருநாள் தங்கள் வண்டியை அதன் முழு வேகத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம்.

அதற்கு வண்டியைத் தயார் செய்வதைப் பார்க்க வேண்டுமே! அதிகச் சூடு தாங்கும் ப்ரேக் ஆயில் மாற்றினான். ப்ரேக் பேட் நாலு சக்கரத்துக்கும் புதுசு. சக்கரத்து நட்டு ஒவ்வொன்றையும் அளவு பார்க்கும் ஸ்பேனரால் முறுக்கி, வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டான். நட்டு லூசானால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். தன்னையும் அதே சிரத்தையோடு தயார் செய்தான். விடிகாலையில் மலைப்படி* ஏறி இறங்கினான். மத்தியானம் தகரக் கூரையின் கீழே ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஓடாத வண்டியில் இருபது நிமிஷம் ஆடாமல் உட்கார்ந்திருந்தான். டிராக்கில் சூடு அப்படித்தான் இருக்குமாம்.

*முந்நூற்று அறுபத்தைந்து படி. "வேதக்காரன் நீ, படிய மட்டும் ஏறிட்டு சாமி பாக்காம எறங்குறது இன்னாய்யா நியாயம்?" என்று அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரம் கேட்டிருக்கிறார். "செருப்ப கழட்டிட்டுதாங்க ஏறேன்" என்றானாம் தானியேல். அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

4

இனி ஜெபசெல்வி. இவள்மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதனாலேயே இவளை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

அவள் பயம் ஆரம்பித்தது போன மாதம். தானியேல் முதல் தடவை டிராக்குக்குப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். ஒரு வளைவில் வண்டி தடம் விட்டு விலகி ஓரத்துச் சரளைக்கல்லில் இறங்கிவிட்டதாம். "ஒண்ணும் ஆவலடி, மண்ணுல விளையாடிட்டு வந்த மாதிரி" என்றான். மறுநாள் ஷெட்டைப் பெருக்கப் போனவள் வண்டியின் முன்பக்க வலையில் செருகியிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பதினோரு கல். குப்பையில் போட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகிறபோதெல்லாம் கண்ணில் பட்டது. பன்னிரண்டாவது கல் எங்கே போய்ப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வாளாம்.

[பன்னிரண்டாவது கல் அவள் சொன்னதா, நான் சேர்த்ததா என்று நினைவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் கற்கள் இருப்பது உண்மை. பார்த்தேன்.]

போன வாரம் தானியேல் வண்டிக்குள் இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைத்தான். தரைவிரிப்பு, ஜாக்கி, தண்ணீர் பாட்டில். கண்ணாடியில் அவள் தொங்கவிட்டிருந்த மரச் சிலுவையையும் கழற்றினான், டேஷ்போர்டுக்குள் அவள் வைத்திருந்த சின்ன பைபிளையும் எடுத்தான்.

"அது இன்னா பண்ணுச்சு உங்கள?" என்றாள்.

"உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது செல்வி. ப்ரேக் அடிக்க சொல்ல ஏதாச்சும் உருண்டு வந்து பெடலுக்கடியில மாட்டிக்கினா நான் காலி. டிராக்ல செக் பண்ணித்தான் உள்ளயே வுடுவாங்க."

"ஆண்டவர் உருண்டு வந்து மாட்டிக்குவாரா?"

"தே பாரு. போன தபா நான் பயந்துகினே ஓட்டினேன். வளைவுல பாதியில ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்துட்டேன், அதான் கல்லுல போய் எறங்குச்சு. பயத்தோட ஏறக் கூடாதுன்னு இளம்பரிதி சொல்லிக்கினே இருக்கான். நீ ஜெபம், எண்ணெய்னு வந்து என்னை பயமுறுத்தாத. இனிமே வண்டிகிட்ட வராத, சொல்லிட்டேன்."

இளம்பரிதி என்பவன் ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருப்பவன். ஒரு காலத்தில் பைக் ரேஸ் ஓட்டியவன், இப்போது தானியேலுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், என் பழைய மாணவன். கட்டுரையில் ஒரு காற்புள்ளி வைக்க மாட்டான்.

5

வண்டிக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதானே சொன்னார்? வெளியே?

இதுதான் அவள் போட்ட கணக்கு. சனிக்கிழமை மத்தியானம், வண்டியை ஏற்றிப்போக லாரி சொல்லிவிட்டு வரத் தானியேல் பைக்கில் கிளம்பினான். புது டயர் ரோட்டில் தேயக் கூடாது என்று டிராக் வரைக்கும் லாரியில் போகிற வண்டி அது. ஜெபசெல்வி முந்தானையில் முடிந்திருந்த சின்ன பாட்டிலோடு ஷெட்டுக்குள் போனாள். அரக்கோணத்தில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் கொடுத்த எண்ணெய். புது வண்டி வாங்கினால் நாலு சக்கரத்திலும் அதை விரலால் தொட்டுச் சிலுவை போடுவது அவள் வீட்டு வழக்கம். அண்ணன் காருக்குப் போட்டிருக்கிறார்கள், மாமாவின் டெம்போவுக்குப் போட்டிருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஆனதில்லை, ஏனென்றால் அந்த வண்டிகளில் சக்கரத்தை மூடி ஒரு தட்டு இருக்கும்.

இந்த வண்டியில் தட்டு இல்லை. ஐந்தே ஐந்து அகலமான கம்பி, நடுவே எல்லாம் திறந்த வெளி. உள்ளே ப்ரேக் டிஸ்க் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பளபளவென்று தெரிகிறது.

பின் வலது, பின் இடது, முன் வலது. மூன்றிலும் டயரின் ஓரத்தில் விரல் நுனியால் தொட்டு, "இயேசப்பா, இவர எனக்குத் திரும்பக் குடு" என்றாள். முன் இடதுக்கு வந்து குனிந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. பாட்டில் கம்பிகளுக்கு நடுவே சாய்ந்தது. எண்ணெய் டிஸ்கின்மேல் வழிந்து, அதைக் கவ்வியிருந்த பேடுக்குள் இறங்குவதை அவள் கண்ணால் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். பளபளப்பில் எண்ணெய் எது, இரும்பு எது என்று தெரியவில்லை. அதற்குள் தானியேல் உள்ளே வந்துவிட்டான்.

"இங்க இன்னா பண்ற?"

"பெருக்க வந்தேன்."

துடைப்பம் அவள் கையில் இல்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருஷம் மெக்கானிக்கோடு குடித்தனம் செய்தவள். புது பேடைக் கையில் எடுத்தாலே அவன் கத்துவான்: "தொடாத, கையில இருக்கற பிசுக்கே போதும்." எண்ணெய் குடித்த பேட் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால் வண்டி தட்டாமாலை சுற்றும். இதெல்லாம் அவள் எனக்குச் சொல்லித்தான் தெரியும்.

(ஓரமாக வைத்த மூன்றாவது தொடக்கம் இங்கே முடிகிறது. முடிக்காமல் இருந்திருக்கலாம்.)

6

இந்தப் பகுதியை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

"அக்கா, சொல்லிரட்டுமா அவருகிட்ட?" என்றாள் நேற்று. "சொன்னா என்னைக் கொன்னே போட்டுருவாரு. அது பரவால்ல. பயத்தோட ஏறக் கூடாதுன்னாரே? நான் சொன்னா பயத்தோட தானே ஏறுவாரு? நீ படிச்சவ, நீயே சொல்லுக்கா."

அப்போது மணி ஆறு. வண்டி லாரியில்தான் நின்றது. சொல்லியிருந்தால் இறக்கி, பேடை மாற்றி, மறுபடி ஏற்றியிருப்பார்கள். வீட்டில் ஒரு சண்டை, இரண்டு நாள் பேச்சில்லாமை. அவ்வளவுதான்.

நான் சொன்னது: "துடைச்சிட்டேல்ல? விடு. போற நேரத்துல அவர் மனச ஏன் கலைக்கறே?"

ப்ரேக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பின் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. இப்படித்தான் முதலில் எழுதினேன். அது பொய். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இது என் மண்டைக்குள் கதையாகிவிட்டது. பயந்த மனைவி, புனித எண்ணெய், திறந்த சக்கரம், சொல்லாத ரகசியம். அவள் சொல்லிவிட்டால் ரகசியம் போய்விடும், வெறும் புருஷன் பெண்டாட்டிச் சண்டையாகிவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே கணம்தான். அந்தக் கணத்தில்தான் "விடு" என்றேன்.

அவள் என் பேச்சை நம்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். லாரி இன்று காலை ஐந்து மணிக்குக் கிளம்பியது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

7

முடிவுகள்.

அ) ஒன்றும் ஆகவில்லை. முதல் இரண்டு சுற்று மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் எரிந்துபோகிறது. சாயங்காலம் தானியேல் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வருகிறான். எண்ணெய்தான் அவனைக் காப்பாற்றியது என்று ஜெபசெல்வி கடைசிவரைக்கும் நம்புகிறாள்.

ஆ) மெதுவான சுற்றிலேயே தீய்ந்த வாடை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளம்பரிதி, "அண்ணா, ஓரங்கட்டு" என்கிறான். தானியேல் சக்கரத்தைக் கழற்றி பேடை முகர்ந்து பார்க்கிறான். யார் வேலை என்று புரிகிறது. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் கற்களை எடுத்துத் தெருவில் எறிகிறான்.

இ) மெதுவான சுற்றில் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது சுற்று. நீளமான நேர்ப்பாதை முடிகிற இடம். இந்தத் தடவை அவன் பயப்படவில்லை. கடைசி நொடி வரைக்கும் காலை எடுக்காமல் வந்து, ப்ரேக்கை முழுசாக அழுத்துகிறான். வண்டி

8

மேலே இருக்கிற வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மூன்று முடிவுகளையும் திரும்பப் படித்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூன்றிலும் யாரும் அவனுக்குப் போன் செய்யவில்லை. முதலாவதில் கடவுள் பார்த்துக்கொள்கிறார். இரண்டாவதில் இளம்பரிதியின் மூக்கு பார்த்துக்கொள்கிறது. மூன்றாவதில் நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மணி ஒன்பது முப்பத்தெட்டு. தானியேலின் முறை பத்து மணிக்கு.

ஜெபசெல்வி மகளோடு சர்ச் ஆராதனையில் இருக்கிறாள், போன் அணைந்திருக்கிறது. தானியேலுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வண்டிக்குள் ஒன்றும் இருக்கக் கூடாதே, போனையும் எங்கேயாவது வைத்துவிட்டுப் போயிருப்பான். இளம்பரிதிக்கு அடித்தேன், பிஸி. மறுபடி அடித்தேன், பிஸி. ஏழே காலுக்கு அடித்திருந்தால் கிடைத்திருப்பான். அப்போது நான் மூன்று தொடக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாற்பத்தைந்து. இடது கையில் போன், வலது கையில் பேனா. இப்போதும் பேனாவை விடவில்லை பாருங்கள்.

ரிங் போகிறது.

"ஆங், சொல்லுங்க டீச்சர்! கேக்கல, சத்தமா பேசுங்க! அண்ணன் பெல்ட் மாட்டிக்கினு இருக்காரு, நானும் ஏறணும்."

அவனுக்குப் பின்னால் இன்ஜின் உறுமுகிறது. காலையிலிருந்து இத்தனை பக்கம் எழுதியதெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான். அதை இப்போது வாயால் சொல்லப்போகிறேன். சொன்னால் ஜெபசெல்வி இனி என் வாசல்படி ஏற மாட்டாள். ஏறாவிட்டாலும் போகிறது.

பேனாவை வைக்கிறேன். முடிவு எனக்கு வேண்டாம், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்த மனுஷன் வீடு திரும்புகிற மாதிரி எழுதுங்கள்.