ராக்கெட் எடுக்க ஒரு வண்டி

விற்பனை முற்றத்தில் மூன்று வண்டிகள் வெயிலில் நின்றன. ஒன்று, பைக்கில் உட்காருவதுபோல் ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி. இன்னொன்று பழைய சின்ன ஜீப். மூன்றாவது, கூரையும் இரண்டு இருக்கைகளும் பின்னால் ஆறடித் தட்டும் வைத்த மின்சார வண்டி. அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு, கையில் மடித்த தாளோடு வந்திருந்தாள். அதில் பதினொரு கேள்விகள் எழுதியிருந்தாள்.

"எதுக்கு மேடம்? தோட்டத்துக்கா, பண்ணைக்கா?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"ராக்கெட் பொறுக்க."

அவர் சிரித்தார். எதிரில் நின்ற இருவரும் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

தம்பி விளக்கினான். ஒன்பது பேர் சேர்ந்த குழு. மாதத்தின் கடைசி ஞாயிறு, ஊருக்கு வெளியே வற்றிப்போன ஏரி வெளியில், தாங்களே அட்டைக் குழாயில் செய்த ஆளுயர ராக்கெட்டுகளை விடுவார்கள். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறும், உச்சியில் பாராசூட் விரியும், பிறகு காற்று விட்ட வழி. போய் எடுத்து வர ஆள் வேண்டும். போன வருடம் வரை நடந்தே போனோம் என்று சொல்லி நிறுத்தினான்.

மீதியை அக்கா சொன்னாள். "என் வீட்டுக்காரர்தான் எப்பவும் போவார். போன கோடையில போனவர் வெயில்ல விழுந்துட்டார். இனிமே யாரும் நடக்கக் கூடாது. அதுக்குத்தான் வண்டி." இருபது வருடம் பிசியோதெரபிஸ்ட்டாக நோயாளிகளிடம் பேசிய குரல் அது. எந்தச் செய்தியையும் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லும். அடுத்த மூச்சில், இடது காலில் பாரம் போடாமல் நிற்கிறீர்களே, எத்தனை நாளாக வலி என்று விற்பனையாளரைக் கேட்டாள். மூன்று மாதமாக என்று அவர் ஒப்புக்கொண்டார். அதன்பின் எந்த வண்டியைப் பற்றியும் அவர் மிகைப்படுத்திப் பேசவில்லை.

அத்தானைக் குழுவில் 'மோப்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ராக்கெட்டின் மூக்குக்குள் ஒரு சின்ன பஸ்ஸர் இருக்கும். தரையில் விழுந்ததும் மூன்று முறை கீச்சிடும், கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. அத்தான் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பார். புதருக்குள் கை விட்டு எடுத்துவிடுவார். அன்றைக்குப் போன ராக்கெட் மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. பஸ்ஸரின் பேட்டரி எட்டு நாள் தாங்கும். இப்போது பதினோரு மாதம் ஆகிறது.

ஆனால் தம்பிக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கினாலும் மேலே எங்கோ ஏதாவது கீச்சிடும்: மூடாத கதவு, யாரோ வீட்டு மைக்ரோவேவ், தெருவில் பின்னோக்கி வரும் லாரி. ஒவ்வொன்றையும் எண்ணுவான். சில நேரம் மூன்றோடு நின்றுவிடும். அப்போது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, இருட்டில் அண்ணாந்தபடி, அடுத்த மூன்றுக்குக் காத்திருப்பான்.

விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு ஒரு முறை உண்டு. வெளியின் இரண்டு மூலைகளில் இருவர் நிற்பார்கள். ராக்கெட் புதர்களுக்குப் பின்னால் மறையும் திசையைத் திசைகாட்டியில் பார்த்து ஆளுக்கொரு டிகிரி எண்ணை வாக்கி-டாக்கியில் சொல்வார்கள். வரைபடத்தில் இரண்டு கோடுகள் இழுத்து, அவை வெட்டும் புள்ளிக்கு அத்தான் நடப்பார். அன்று ஒரு மூலையில் தம்பி, மறு மூலையில் மருந்துக்கடைக்காரர். நான்கு மணி நேரம் கழித்து அத்தானின் உடலை அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில்தான் கண்டுபிடித்தார்கள். சுற்றிலும் அவருடைய காலடிகள் வட்டம் வட்டமாக, போகப் போகப் பெரிதாகிக்கொண்டே இருந்தன.

ஏதோ ஒரு கோடு தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் அந்த மாதம்தான் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். தம்பியோ மில்லிமீட்டர் பிசகாமல் வேலை செய்கிறவன். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் கண்தான் போலிருக்கிறது என்று மருந்துக்கடைக்காரரே சொல்லிக் குழுவைவிட்டு விலகினார். அதிலிருந்து அக்கா தலைவலி மாத்திரைக்குக்கூட வேறு தெருவுக்குப் போனாள்.

முற்றத்து வண்டிகளில் முதலில் கழிந்தது ஜீப். அக்கா குனிந்து அடியில் பார்த்தாள். சூடேறும் புகைக்குழாய் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஏரி வெளியிலோ முழங்கால் அளவு காய்ந்த புல். ராக்கெட் எடுக்கப் போய்க் காட்டைக் கொளுத்திவிட்டு வரவா என்று கேட்டாள். ஒற்றை ஆள் வண்டி அவளுக்குப் பிடித்திருந்தது. இலேசானது, புகைக்குழாய் புல்லுக்கு மேலே, அகலமான டயர், அடியில் சேறு ஒளிந்திருக்கும் ஏரி மண்ணின் காய்ந்த மேலோட்டை உடைக்காது. எஞ்சின் சத்தம்தான் குறை, பஸ்ஸரைக் கேட்க அணைத்து அணைத்து ஓட்ட வேண்டும். பரவாயில்லை என்றாள். இதில் போனால் யாருடைய துணையும் தேவையில்லை, நானே போய் எடுத்து வந்துவிடுவேன் என்றாள்.

அவள் அதில் ஏறி உட்கார்ந்து முதுகை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம்பி மின்சார வண்டியின் முன்பலகைமேல் தன் திசைகாட்டியை வைத்துப் பார்த்தான். அங்கேயே பொருத்திக்கொள்ளலாமா என்பது தாளில் இருந்த ஏழாவது கேள்வி. முள் ஆடி, நிலையில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியது.

இரும்பும் மோட்டாரும் இழுக்கும், இறங்கிப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்றார் விற்பனையாளர். வண்டியின் சார்ஜர் விவரத்தை எடுத்து வர உள்ளே போனார்.

எங்களுக்குத் தெரியாதா என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். குழுவின் விதிமுறைத் தாளில் முதல் வரி அதுதான். அன்று அவன் தன் வேனின் நிழலில் நின்றிருந்தான். கை நடுங்கக் கூடாதென்று வலது முழங்கையை பானட்மேல் ஊன்றிக்கொண்டான். தகடு கொதித்தது, மடித்த துண்டைப் போட்டும் சுட்டது. சாவு வீட்டில் யாரோ அவன் முழங்கையைப் பார்த்து என்ன சிவந்திருக்கிறது என்று கேட்டார்கள். எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்றான். அதைத் தானே நம்பவும் செய்தான்.

பத்தடி தள்ளிப் போய், முற்றத்துக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியை நோக்கித் திசைகாட்டியைப் பிடித்தான். நூற்று நாற்பது டிகிரி. அதே நேர்கோட்டில் பின்னால் வந்து ஜீப்பின் பானட்டில் முழங்கையை ஊன்றினான். நூற்று ஐம்பத்து நான்கு. மறுபடி தள்ளிப் போனான், மறுபடி வந்தான். முள் இரண்டு முறையும் அதையே சொன்னது.

ஒற்றை ஆள் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா, தப்பு மருந்துக்கடைக்காரர் மேல இல்ல."

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். முழங்கை, பானட், பதினான்கு டிகிரி. அந்த வண்டி வேறு, இந்த வண்டி வேறு, அளவு கூடக் குறைய இருக்கலாம் என்றும் சொன்னான். சொல்லும்போதே அது நழுவுகிற பேச்சு என்று அவனுக்கே கேட்டது.

"அவர் உன்னைக் கேட்டாரா?" என்றாள்.

"என்னக்கா?"

"வாக்கி-டாக்கில. இங்க இல்லையேன்னு கேட்டிருப்பார். வீட்டுல சாவி தேடினாலே என்னை மூணு தடவை கேக்கற மனுஷன்."

இந்தப் பதினோரு மாதத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"ரெண்டு தடவை கேட்டார். கோடு சரியா மாப்ளன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சரிதான் அத்தான், அங்கதான் இருக்கும், நல்லா தேடுங்கன்னேன்."

"திரும்ப வச்சுப் பாத்தியா?"

"பாக்கல. நிழல்ல உக்காந்திருந்தேன்" என்றான்.

அக்கா இறங்கினாள். விற்பனையாளர் காகிதங்களோடு வந்தபோது, மின்சார வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். கொட்டகைகளுக்குப் பின்னால் மண்மேடும் பள்ளமுமாக ஒரு பாதை இருந்தது. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்து திருப்பத்தில் மறைந்தது. ஒரு மேட்டுக்கு மேல் அதன் கூரை தெரிந்தது, அமிழ்ந்தது. பிறகு எங்கும் தெரியவில்லை. சத்தமே வராது, அதுதான் இதன் அழகு என்று விற்பனையாளர் சொன்னார். தம்பி காது கொடுத்தான். காற்றில் தகரக் கூரை முனகியது. வேறொன்றும் இல்லை. அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சொல்ல வழியே இல்லாமல் ஐந்து நிமிடம் போயிற்று, பத்து போயிற்று. போய்ப் பார்க்கலாமா என்று விற்பனையாளர் மெதுவாகக் கேட்டார். தம்பியால் எந்தப் பக்கமும் கை காட்ட முடியவில்லை.

நினைக்காத திசையிலிருந்து வண்டி வந்தது. அவள் முகத்தில் புழுதி படிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் துடைத்திருந்தாள். தாளை விரித்து, மிச்சமிருந்த நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டாள். பதில்களைக் கேட்டுவிட்டு, இந்த வண்டிக்கே பில் எழுதுங்கள் என்றாள். மேடத்துக்கு மற்றது பிடித்திருந்ததே என்றார் அவர்.

"அதுல ஒருத்தர்தான் உக்கார முடியும்." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "இனிமே நம்பர் சொல்ற ரெண்டு பேரும்தான் இதுல ஏறிப் போகணும். கிடைக்கிற வரைக்கும் இறங்கக் கூடாது. மத்தவங்ககிட்டயும் சொல்லிடு."

வாசல்வரை வந்தாள். அங்கே நின்று, மருந்துக்கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டாள். எட்டு மணி வரை என்றான். நீ போ, நான் வரவில்லை என்றாள். அவரிடம் பேச எனக்கும் ஒன்று இருக்கிறது, அதை உன்னோடு சேர்ந்து பேச முடியாது என்றாள்.

கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். வரிசை நகரவே இல்லை. தம்பிக்கு முன்னால் நின்றவர் இங்கே எப்போதும் இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் விளக்குக்கு அடியில் பிடித்து உரக்கப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். மாத்திரை அட்டையை எடுத்து வந்து வாங்குகிறவரின் முகத்துக்கு எதிரே நீட்டி, "நீங்களும் ஒரு தடவை பாத்துக்கோங்க" என்றார். நான்கு பேருக்கும் அதே வார்த்தைகள்.

தம்பியின் முறை வந்தது. சீட்டுக்காக நீண்ட கை நின்றது.

"அன்னைக்கு உங்க கண்ணு சரியாத்தான் பாத்துது" என்றான் தம்பி. "தப்பு என் கோடு. வண்டிமேல கை வச்சுக்கிட்டுப் பாத்தேன். அக்காகிட்ட சொல்லிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். கல்லாமேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்த்தாரா, அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாரா என்று தெரியாதபடி நின்றார். பின்னால் ஒரு பெண் சீட்டை நீட்டினாள், அவசரம் என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கினார். உரக்கப் படித்தார். அலமாரிப் பக்கம் இரண்டு அடி வைத்தவர் நின்று, விளக்குக்குத் திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.