கட்டணமில்லாப் பாட்டு

"அந்தப் பாட்டை விட்டுடுங்க, ஹயசகா டீச்சர். பதிப்புரிமை வம்பு நமக்கு வேணாம்," என்றார் துணைத் தலைமையாசிரியர் ஒனோதெரா. அந்தத் துறைமுக ஊர்ப் பள்ளியின் கூட்டுப் பாட்டு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

இசை ஆசிரியை ஹயசகா நருமி இருபத்தெட்டுப் பிள்ளைகளோடு மூன்று மாதமாக மல்லுக்கட்டி அந்தப் பாட்டை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். குரல் உடைந்துகொண்டிருந்த பையன்கள்கூடப் போன வாரம்தான் தாழ்ந்த சுருதியில் நின்றிருந்தார்கள். ஆனால் ஒனோதெராவின் பயமும் சும்மா வந்ததல்ல. போன வருஷம் பள்ளியின் இணையப் பக்கத்தில் யாரோ வரைந்த பூனைப் படத்தைக் கேட்காமல் போட்டு, வக்கீல் கடிதம் வந்து, சென்டாய் நகரம் வரை போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டவர் அவர்தான்.

"எந்தச் சட்டம் சார் தடுக்குது?"

"எல்லாச் சட்டமும்தான்!"

அந்தப் பதில் அவளை உறுத்தியது. ஞாயிறு முழுக்க நகர நூலகத்தில் சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். ஒரே வாக்கியத்தை நாலு தரம் படிக்க வேண்டியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் முப்பத்தெட்டாம் பிரிவு பிடிபட்டது. லாப நோக்கம் இல்லை, கேட்பவரிடம் கட்டணம் இல்லை, பாடுபவருக்குச் சம்பளம் இல்லை என்றால், வெளியான பாட்டை யாரிடமும் கேட்காமல் மேடையில் பாடலாம். துள்ளிக் குதிக்கத் தோன்றியது. முப்பத்தைந்தாம் பிரிவுக்கு வந்ததும் முகம் சுண்டிப்போனது. வகுப்புக்கு நகலெடுக்கலாம், ஆனால் உரிமை உடையவரின் விற்பனையைக் கெடுக்கும்படி கூடாது. ஆளுக்கு ஒன்று வாங்கவென்றே விற்கும் இசைப் புத்தகத்தில் ஒன்றை மட்டும் வாங்கி, இருபத்தெட்டு நகல் எடுத்தவள் அவளேதான்.

மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் அதைத்தான் முதலில் சொன்னாள்.

"நகல் எடுத்தது என் தப்பு சார். எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டேன். புத்தகம் ஆளுக்கு ஒண்ணு வரவழைக்கணும். வீடியோவும் அனுமதி இல்லாம இணையத்துல ஏத்தக் கூடாது. ஆனா மேடையில பாடுறது நம்ம உரிமை. அதை விட மாட்டேன்."

ஒனோதெரா அந்தப் பிரிவை விரல் வைத்து மெல்லப் படித்தார். பெற்றோர் சங்கத் தலைவி கிகுச்சி பக்கம் திரும்பினார். "மேடைக்குப் புதுத் திரை வாங்கன்னு நுழைவுச்சீட்டு போட்டிருக்கீங்களே?"

"அதான் முட்டுக்கட்டையா? கிழிச்சுப் போடுங்க!" துறைமுகத்தில் மீன்கடை வைத்திருக்கும் கிகுச்சியின் குரல் ஜன்னலைத் தாண்டியது. "பழைய திரையைத் தைச்சுக்கலாம். இந்த அம்மா தன் தப்பைத் தானே போட்டு உடைச்சுட்டு நிக்குது. நீங்க என்னடான்னா ஒரு பூனைக்குப் பயந்து இன்னும் கட்டிலுக்கடியில இருக்கீங்க!"

ஒனோதெராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "புத்தகம் வரவழைக்க நானே எழுதிப் போடுறேன், டீச்சர்," என்றார்.

விழாவன்று, எப்போதும் பாதி காலியாகக் கிடக்கும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நிற்க இடமில்லை. நுழைவு இலவசம் என்று கேள்விப்பட்டு, மீன் ஏலம் முடிந்த கையோடு துறைமுகமே திரண்டு வந்திருந்தது. நருமி கையை உயர்த்தினாள். பையன்களின் தாழ்ந்த குரல் தரையிலிருந்து கிளம்பியது. பெண்பிள்ளைகளின் குரல் அதன்மேல் ஏறிக் கூரையைத் தொட்டது. வாசலில் அவர்கள் கழற்றிவிட்ட, மீன் செதில் ஒட்டிய ரப்பர் பூட்ஸ்கள் படிகளை நிறைத்து, முற்றத்து வெயில் வரை ஜோடி ஜோடியாக நின்றிருந்தன.