குளியலறைக்குள் ஒளிந்த நாய்

வெல்டிங் பட்டறை முதலாளி போட்ட கூச்சலில் வீட்டுக்கூரை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது.

"நாயை அவுத்து விட்டது நீதானேடா? நாளைலேருந்து வேலைக்கு வராதே!"

மாமா திருதிருவென்று விழித்தார். பட்டறையில் முதலாளி கையால் கம்பியடி பட்டுக் கிடந்த அந்த நாயை அவிழ்த்துவந்து குளியலறையில் ஒளித்தவள், வாலு என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய அக்கா மகள்தான். வாயைத் திறந்தால் நாய் போச்சு. மூடினால் மாமாவின் வேலை போச்சு. அவள் நெஞ்சு இடித்த இடியில் சுவர்க்கடிகாரமே நின்றுபோனது.

"நான்தான் அவுத்தேன். கூப்பிட்டுப் பாருங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க," என்று குளியலறைக் கதவைத் திறந்தாள்.

"டேய், வாடா இங்க!" என்று நாயை அதட்டினார் முதலாளி.

வாளிக்குப் பின்னால் சுருண்டிருந்த நாய், அந்தக் குரலைக் கேட்டதுமே பயத்தில் மூத்திரம் போனது. அது ஆறாகப் பெருகி வந்து முதலாளியின் செருப்பை நனைத்தது.

மாமா குறுக்கே போய் நின்றார்.

"அது பதில் சொல்லிருச்சு, முதலாளி. நாளைக்கு நானும் வரலை."