பச்சைச் சுரம்

தம்பி மேல் அக்காவுக்குச் சந்தேகம் வந்ததே அந்த வண்ணச் சக்கரத்தைப் பார்த்துத்தான்.

அக்கா பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவள். தம்பியோ கம்ப்யூட்டரில் படம் போடுகிறவன். பாட வாய் திறந்தால் வீட்டில் எல்லோரும் கும்பிடு போடுவார்கள். அப்பேர்ப்பட்ட மகானுபாவன் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டுக்குப் பதில் பத்தொன்பது சுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்டிச் சக்கரமாக வரைந்து, கட்டுரையாக அச்சேற்றியும் விட்டான். இசைக்காரர்கள் போன் போட்டுப் பாராட்டுகிறார்களாம். அதில் கடைசிச் சுரமான பச்சை மட்டும் கணக்குக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல்கோடித் தந்திகளைப் புத்தக அளவுக்கு ஒரு மயிரிழை ஏற்றி முறுக்குவது அவளுடைய கைவரிசை. யாரிடமும் அவள் சொன்னதில்லை. தம்பியின் பியானோவுக்கு வருஷா வருஷம் அவள்தான் சுருதி சேர்க்கிறாள். பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டு, "படத்துக்குச் சத்தம் வேணும்க்கா" என்று பல்லை இளித்தானே, பாவி!

மறுநாள் காலையிலேயே அவன் வேலை அறைக்குப் போனாள். அவன் காபி போடப் போன நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைத் துழாவினாள். 'அக்கா' என்றே ஒரு ஃபோல்டர். உள்ளே அவள் சுருதி சேர்த்த எட்டு வருஷத்துக்கு எட்டுச் சக்கரங்கள்.

"மாட்டினியா? திருட்டுப் பயலே! என் சுரம், உன் பேரா?"

கோப்பையோடு வந்தவன் முகம் வெளுத்தது. "மூடுக்கா. அதைப் பாக்காத."

"ஏன் பாக்கக் கூடாது? என் பேரை ஏன்டா போடல?"

"போட்டா, எப்படி வெச்சேன்னு உன்னைக் கேப்பாங்க."

"காதால வெச்சேன்னு சொல்றேன். எட்டு வருஷமா ஒரே இடம், இம்மி பிசகல."

தம்பி எட்டையும் வரிசையாகத் திறந்தான். பச்சை வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறிக்கொண்டே போயிருந்தது.

"முதல் வருஷம் மயிரிழைதான்க்கா. அது அழகா இருந்துச்சு, அதுக்கேத்த மாதிரி மத்த சுரத்தையெல்லாம் அமைச்சேன். அதுக்கப்புறம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அக்கா எழுந்துபோய்ப் பியானோவின் கடைசிக் கட்டையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"சரியாத்தானேடா இருக்கு?"

தம்பி எட்டாவது சக்கரத்தின் பச்சையைத் தொட்டுக் காட்டினான். இருபத்தாறு வருஷமாக அக்காவுக்குச் சோறு போட்ட காது ஏமாற்றிவிட்டது. சாயங்காலம் பெரிய அரங்கத்தில் வேலை வேறு இருந்தது. போனை எடுத்து, வரமுடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி வைத்தாள்.

"இனிமே யார் வேணா கேக்கட்டும். இப்ப என் பேரைப் போடு" என்றாள்.