அதே பச்சை

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடு மொத்தமே ஒன்றரை அறைதான். 2002-இல் அதில் முன்னறையின் ஜன்னல் பக்கத்தை என் மணிமாலை வேலைக்கு எடுத்துக்கொண்டேன். கட்டில் சமையல்கட்டு ஓரத்துக்குப் போனது. ஜன்னலடியில் பழைய கதவுப் பலகை மேஜையானது. கண்ணாடி மணிகளை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நிரப்பினேன். கோத்த சரங்களைத் தொங்கவிட என் வீட்டுக்காரர் ஆதிகேசவன் சுவரில் வரிசையாக ஆணி அடித்துக் கொடுத்தார். அடித்து முடித்துவிட்டு, "இனிமே நான் ரோட்லதான் படுக்கணும் போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

முதல் ஆர்டர் டான்ஸ் டீச்சர் வனஜா கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு இருபது பச்சை மாலை. வெள்ளிக்கிழமை காலை, பாதியிலேயே மணி தீர்ந்துபோனது. பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கும் வேலைக்குக் கிளம்பியவரிடம் ஒரு மணியைக் கொடுத்து, "சிக்பேட்டைல இதே பச்சை அரைக்கிலோ வாங்கிட்டு வாங்க" என்றேன்.

சாயங்காலம் பையைக் கவிழ்த்தேன். அத்தனையும் அரக்குச் சிவப்பு.

"கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டான்" என்றார்.

பையைத் தூக்கிக்கொண்டு நானே ஓடினேன். கடைக்காரர் சேஷகிரி மறுபேச்சில்லாமல் பச்சையை நிறுத்துக் கொடுத்தார். கூடவே, "நோடி அக்கா, இங்க பாருங்க, நான் மாத்தலை. கையில இருந்த மணியைப் பக்கத்துல வெச்சுப் பாத்துத்தான் அவர் எடுத்தாரு. ரெண்டு வாட்டி கேட்டேன், அதேதான்னாரு" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கட்டிலை நகர்த்தியதற்கு இப்படியா பழிவாங்குவது? வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"பொண்டாட்டி முன்னுக்கு வந்தா பொறுக்காதா உங்களுக்கு? டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தப்போ எங்க அண்ணன் அவ்ளோ சொல்லியும் போகல. மூட்டை தூக்கியே காலத்தை ஓட்டிட்டீங்க. நானாவது தலையெடுக்கக் கூடாதா?"

பதினாறு வருஷமாக, கோபம் வந்தால் அந்த டிரைவர் வேலையைத்தான் எடுத்து வீசுவேன். அவர் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் நிற்பார். அன்று மெதுவாகச் சொன்னார்.

"போனேன் சரளா. கண்ணு டெஸ்ட்ல தள்ளிட்டாங்க. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும்."

நான் நம்பவில்லை. பாட்டிலிலிருந்து ஒரு சிவப்பு மணியையும் பையிலிருந்து ஒரு பச்சையையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விளக்கடியில் கொண்டுபோயும் பார்த்தார். கடைசியில் இரண்டையும் என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

"அப்போ சிக்னல்ல எப்படி?"

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும்."

"இதை என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள, போகாமலே வந்துட்டேன்னு நெனச்சு நீ திட்ட ஆரம்பிச்சிட்ட. அதுக்கப்புறம் எப்போ சொல்றது?"

வெட்கமாக இருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில்களை இறக்கி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்ட ஆரம்பித்தேன்.